விடைக்குறிப்பு இல்லாத ஒரு கேள்வி: மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களே, பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்களே,

வணக்கம். பள்ளிப் படிப்பை முடித்து நீங்கள் அனுப்பி வைக்கும் பிள்ளைகள் வந்து சேரும் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இத்தனை வருடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கோரிக்கை இருக்கிறது, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் நான்காவது வாரத்தில் முதல் அசைன்மென்ட் கொடுப்பேன். "இதுவரை படித்ததில் உங்களுக்குச் சந்தேகம் வந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் படித்து, ஒரு முடிவுக்கு வந்து, 2000 சொற்களில் எழுதுங்கள்." இவ்வளவுதான். அன்று மாலையே என் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். "தலைப்பை நீங்களே கொடுத்திடுங்க மேடம்." "எந்தப் புத்தகத்தில் இருக்கு?" "முன்னுரைக்கு எத்தனை மார்க்?" இவர்கள் படிக்காத பிள்ளைகள் இல்லை. பெரும்பாலும் பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்து நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்.

ஒரு பையன் கட்டுரையை முழுசாக எழுதி முடித்துவிட்டு, கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்து, "இது சரியா மேடம்?" என்று கேட்டான். "உனக்கு என்ன தோணுது?" என்றேன். நான் அவனைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டான் போல. முகம் வாடிப்போய், தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் அப்படியே நின்றான். பன்னிரண்டு வருடம் அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் எங்கேயோ ஒரு விடைக்குறிப்பு இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடமும் அது இல்லை என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

அதே வாரம் இன்னொரு பெண் வந்தாள். கையில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். "மேடம், ரெண்டு பேரும் தூக்கத்தைப் பத்தித்தான் ஆராய்ந்திருக்காங்க. ஆனா முடிவு நேர் எதிரா இருக்கு. ஒருத்தர் எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு கேட்டு எழுதியிருக்கார். இன்னொருத்தர் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்திருக்கார். வித்தியாசம் அதனாலதானா?" நான் அவளை உட்காரச் சொன்னேன். இப்படிப் பார்க்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று விசாரித்தேன். பள்ளியில் கடைசிக்கு முந்தைய வருடம் எட்டு மாதம் தனியாக ஒரு ஆய்வு செய்தாளாம். தலைப்பை அவளே தேர்ந்தெடுத்தாளாம்.

அந்தப் பையனைவிட இவள் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். பள்ளி மதிப்பெண்ணில் அவன்தான் மேலே. இருவருக்கும் நடுவே இருந்தது அந்த எட்டு மாதம்தான். என் கோரிக்கையும் அதுதான்: உங்கள் பள்ளியில் கடைசி இரண்டு வருடங்கள் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், விடை யாருக்கும் முன்கூட்டியே தெரியாத ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர, ஆறு மாதமாவது கொடுங்கள். அந்தக் கேள்வியை அவர்களே எழுதட்டும்.

கேள்வியை எழுதுவதிலேயே பாதிப் படிப்பு இருக்கிறது என்பதை அந்தப் பெண் பள்ளியில் செய்த ஆய்வின் நோட்டைப் பார்த்துத்தான் முழுசாக உணர்ந்தேன். ஒருநாள் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் "கைப்பேசியும் மாணவர்களும்" என்று எழுதி அடித்திருந்தது. அதன் கீழே "கைப்பேசியால் படிப்பு கெடுகிறதா?" அதுவும் அடித்திருந்தது. ஓரத்தில் அவளுடைய ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "கெடுகிறது என்றால் எதை வைத்து அளப்பாய்?" நான்காம் பக்கத்தில் 2017இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வைப் பற்றிய குறிப்பு. கைப்பேசி மேசைமேல் சும்மா கிடந்தாலே போதும், வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்களைவிட நினைவாற்றல் சோதனையில் குறைவாகச் செய்கிறார்கள் என்று சொன்ன ஆய்வு அது. அப்புறம் அவள் கேள்வி இப்படி மாறியிருந்தது: "கைப்பேசி மேசையில் கவிழ்ந்து கிடக்கும்போதும், வேறு அறையில் இருக்கும்போதும், 20 நிமிடம் படித்த பகுதியிலிருந்து எத்தனை விவரங்கள் நினைவில் நிற்கின்றன?"

இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டால் வேலை தானாகவே தெரிந்துவிடும். எவ்வளவு நேரம், எத்தனை பேர், எதைப் படிக்கச் சொல்ல வேண்டும், எதை எண்ண வேண்டும். முதல் கேள்வியோடு நின்றிருந்தால் இணையத்தில் நாலு பக்கம் எடுத்து ஒட்டி, கைப்பேசியின் நன்மைகள் தீமைகள் என்று முடித்திருப்பாள். பல்கலைக்கழகத்தில் பரந்த தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறும் மாணவர்களை நான் ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். முதுகலையில்கூடப் பார்க்கிறேன். கேள்வியைச் சிறிதாக்குவது எப்படி என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. சொல்லிக் கொடுத்து வருகிற விஷயமும் இல்லை அது. எழுதி அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்துத்தான் வரும்.

நோட்டின் பதினான்காம் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நாள் பன்னிரண்டு நண்பர்களை மேசையில் கைப்பேசியோடு உட்காரவைத்திருக்கிறாள். மறுநாள் அதே பன்னிரண்டு பேர், கைப்பேசி வேறு அறையில். இரண்டாம் நாள் எல்லாருமே நன்றாகச் செய்தார்கள். சந்தோஷமாகப் பெரிய எழுத்தில் முடிவை எழுதிவிட்டு, கீழே இரண்டு நாள் கழித்து வேறு பேனாவில் எழுதியிருக்கிறாள்: "ஐயோ, ரெண்டாவது நாள் என்ன மாதிரி கேள்வி வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. பழகிட்டாங்க. கைப்பேசியால இல்ல!" பிறகு பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிப் போட்டு, படிக்கும் பகுதியையும் மாற்றிப் போட்டு, புது ஆட்களை வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்திருக்கிறாள். வரிசையை இப்படி மாற்றிப் போடுவதை ஆய்வுமுறைப் பாடத்தில் நான் ஒரு வகுப்பு முழுக்க நடத்துகிறேன். தேர்வில் எழுதுகிறார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுகிறார்கள். இவள் மறக்க மாட்டாள். தானே விழுந்து எழுந்த பள்ளம் அது.

கடைசிப் பக்கத்தில் அவள் எழுதிய முடிவு ஒரே வரி. "வித்தியாசம் இருக்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் 24 பேரை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது." பதினேழு வயதில் இந்த வரியை எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் அந்நியமாக இருக்காது.

உங்களில் சிலருக்கு இந்த முடிவு ஏமாற்றமாக இருக்கலாம். எட்டு மாதம் உழைத்து, உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடிப்பதா? 1887இல் மைக்கல்சன், மோர்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஒளி பரவ உதவுகிறது என்று அன்று நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தின் ஊடே பூமி நகர்வதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மிக நுட்பமான ஒரு கருவியை வைத்து அளந்தார்கள். எதிர்பார்த்த மாற்றம் கிடைக்கவில்லை. இயற்பியல் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்படும் சோதனைகளில் அது ஒன்று. அவர்கள் எதிர்பார்த்த எண்ணுக்கு ஏற்ப அளவீட்டைச் சரிக்கட்டி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரிக்கட்டுவதைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் ஊசலை ஆட்டிவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொல்கிறோம். விடை 9.8க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று எல்லா மாணவருக்கும் தெரியும். 9.1 வந்தால் என்ன செய்கிறார்கள்? விடையிலிருந்து பின்னோக்கிப் போய் நேர அளவீட்டைத் திருத்தி எழுதுகிறார்கள். நானும் அந்த வயதில் அப்படி எழுதியவள்தான், இன்றும் அது உறுத்துகிறது. 9.1 ஏன் வந்தது என்று தேடியிருந்தால் நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று கற்றிருப்பேன். முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் எங்களுக்கு இருக்கும் பெரிய வேலையே இந்தப் பழக்கத்தை உடைப்பதுதான். விடை தெரியாத கேள்வியில் இந்தத் தொல்லை இல்லை. எந்த எண்ணுக்குச் சரிக்கட்டுவது என்றே தெரியாதபோது, கிடைத்ததை அப்படியே எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. நேர்மையை உபதேசித்து வரவழைப்பதைவிட, இப்படி ஒரு வேலையில் இறக்கிவிடுவது பலிக்கிறது.

கேள்வி புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஏற்கெனவே ஒருவர் செய்ததைத் திரும்பச் செய்து பார்ப்பதும் ஆராய்ச்சிதான். உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு மீண்டும் கிடைத்தது. அந்தத் துறையையே அது உலுக்கிவிட்டது. "அச்சில் வந்திருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கைப்பேசி ஆய்வையும் பிறகு வேறு சிலர் திரும்பச் செய்தபோது எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை. நம் பெண்ணின் 24 பேரும் அந்த வரிசையில் தான் வருகிறார்கள், சின்ன அளவில்.

படிப்பதற்கு வருகிறேன். பாடப்புத்தகத்தை ஒரு மாணவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறார், எல்லாமே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். பல்கலைக்கழகத்தில் வாரத்துக்கு ஐந்து கட்டுரை படிக்கச் சொன்னால் அதே மாதிரிப் படிக்க முயன்று இரண்டாம் வாரமே களைத்துப் போகிறார். சுருக்கத்தைப் படி, முறையைப் பார், அட்டவணைகளைப் பார், உனக்கு வேண்டியது இல்லையென்றால் மூடி வை என்பது அவருக்குப் புதுசு. ஒரு ஆய்வுக்காகப் பத்துக் கட்டுரைகளோடு மல்லுக்கட்டியவருக்கு இது கைவந்துவிடும்.

அதோடு, ஒரு தகவல் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப்போகும் குணமும் வரும். இதற்கு நான் வகுப்பில் சொல்வது ஸ்பினாச் கீரையின் கதை. அந்தக் கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கைக்குக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதுதான் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். கவனக்குறைவு எவ்வளவு பெரிய பிழையில் கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணமாக. 1981இல் பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் அதைச் சொன்னது, அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். தசமப் புள்ளி இடம் மாறியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்க்காமல் எடுத்தாண்டு, அப்படியே பரவிய கதை அது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு அமைதி வரும். அடுத்த வாரம் யாராவது ஒருவர் வந்து, "மேடம், நீங்க சொன்ன அந்தச் சட்டன் கட்டுரையை நான் தேடிப் படிச்சேன்" என்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் பள்ளியில் ஏதாவது ஆய்வு செய்துவிட்டு வந்தவராக இருப்பார்.

மற்ற பலன்களை நீங்களே அறிவீர்கள். நேரத்தைத் திட்டமிடுவது, மேற்கோள் காட்டுவது, நாலு பேர் முன் நின்று பேசுவது. அவற்றை நீட்டி எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மூன்றாவது மாதம். எல்லா ஆய்விலும் ஆரம்ப உற்சாகம் வடிந்து, தரவு குழம்பி, "இதை ஏன் எடுத்தேன்" என்று தோன்றும் ஒரு காலம் வரும். பல்கலைக்கழகத்தில் அந்தக் காலம் வரும்போது கேட்க ஆள் இருக்காது, வீடு தூரத்தில் இருக்கும். சிலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். பள்ளியிலேயே ஒருமுறை அதைக் கடந்து வந்த பிள்ளைக்கு, இது வரும், போகும் என்று தெரிந்திருக்கும்.

இதில் எதுவும் நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் சர்வதேச பாக்கலரியேட் என்ற மேல்நிலைப் படிப்பில் டிப்ளமா படிக்கும் ஒவ்வொரு மாணவரும் 4000 சொற்களுக்குள் ஒரு நீள்கட்டுரை எழுதியாக வேண்டும். நடுநடுவே வழிகாட்டியோடு மூன்று முறை உட்கார்ந்து பேச வேண்டும், கடைசிப் பேச்சு ஒரு சிறிய வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இங்கிலாந்தில் தனிப்பட்ட ஆய்வுக்கென்றே ஒரு தகுதிச் சான்று இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஏ லெவல் பாடம் ஒன்றில் பாதி மதிப்பு அதற்கு. 5000 சொற்களில் அறிக்கை எழுதலாம், அல்லது எதையாவது உருவாக்கிக் காட்டி அதற்கு ஒரு சிறிய அறிக்கை தரலாம். நடந்ததையெல்லாம் குறித்துவைத்த பதிவேட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரி அளவில் படிக்கும் ஏபி ரிசர்ச் என்ற பாடத்தில் 4000 முதல் 5000 சொற்கள் வரை ஒரு ஆய்வுக் கட்டுரை, பிறகு குழுவின் முன் விளக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. நெதர்லாந்தில் பள்ளியை முடிக்கும் முன் 80 மணி நேர அளவில் ஒரு ஆய்வு வேலை உண்டு. சுவிட்சர்லாந்தில் பல்கலைக்கழகம் போவதற்கான பள்ளிச் சான்றிதழுக்கே ஒரு பெரிய எழுத்து வேலையும் அதை வாய்மொழியாக விளக்குவதும் வேண்டும்.

இவற்றைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பொதுவாக இரண்டு விஷயங்கள் தெரியும். கேள்வி மாணவருடையது. முடிவில் யாராவது எதிரே உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்கிறார்கள். வேறு எதைக் குறைத்தாலும் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் ப்ராஜெக்ட் மதிப்பிட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைமேல் நாற்பது ஃபைல்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி நன்றியுரை, கடைசிப் பக்கத்தில் "இதன்மூலம் நான் பல அரிய தகவல்களைத் தெரிந்துகொண்டேன்" என்ற ஒரே வாக்கியம். ஒரு மாணவியிடம், "முப்பது பேரிடம் சர்வே எடுத்திருக்கிறாய், ஏன் முப்பது?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். "சார்தான் சொன்னாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைப்பைக் கொடுத்தது பள்ளி, முறையைக் கொடுத்தது பள்ளி, எண்ணிக்கையைக் கொடுத்ததும் பள்ளி. அவள் செய்தது எழுத்து வேலை மட்டும். நாற்பது பிள்ளைகளின் இரண்டு மாதம் அந்த அட்டைகளுக்குள் போய்விட்டது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை இருக்கிறது, இதையும் யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாக்கலரியேட் கட்டுரைக்கு ஒரு மாணவருக்கு வழிகாட்டி செலவிடச் சொல்லும் நேரம் மொத்தமே மூன்று முதல் ஐந்து மணி. ஒரு ஆசிரியருக்கு எட்டு மாணவர் என்றால் வருடத்துக்கு அதிகபட்சம் நாற்பது மணி. அதைக் கால அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள். வகுப்பு முடிந்தபிறகு, மதிய இடைவேளையில், வீட்டுக்குப் போன பிறகு போனில் என்று ஆசிரியரின் சொந்த நேரத்தில் நடத்தச் சொன்னால் அது ஒரு வருடத்தில் ஃபைல் வேலையாகிவிடும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வழிகாட்டும் ஆசிரியருக்கு அந்தத் தலைப்பு தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கணித ஆசிரியர் ஒரு வரலாற்றுக் கேள்விக்கு வழிகாட்டலாம். "எனக்கும் தெரியாதும்மா, நீ எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். சொல்லப்போனால், தெரியாதவர் நல்லது. தெரிந்தவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்.

தேர்வுக்குப் படிப்பது கெடும் என்ற பயத்துக்கு ஒரே வழி, இரண்டு வருடங்களில் முதல் வருடத்திலேயே ஆரம்பித்து, கடைசி வருடத்தின் தேர்வு நெருக்கடி வரும்முன் முடித்துவிடுவது. இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வைவா வைத்தால் பிள்ளைகளும் பெற்றோரும் சபிப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

வசதியான பள்ளிக்குத்தான் இதெல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் ஆய்வுக்கு ஆன கருவி ஒரு கடிகாரமும் நோட்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரே மரத்தில் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எத்தனை பறவை வந்து உட்காருகிறது என்று அறுபது நாள் எண்ணலாம். தாத்தா பாட்டி பேசும் சொற்களில் எவை பேரப்பிள்ளைகள் வாயில் இல்லை என்று மூன்று குடும்பங்களில் கேட்டுப் பதியலாம். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பழைய நாளிதழ்கள் எப்படி எழுதின என்று ஒப்பிடலாம். வெள்ளைக் கோட்டுப் போட்டால்தான் ஆராய்ச்சி என்ற எண்ணம் நம் பள்ளிகளில் வேரோடிக் கிடக்கிறது. மொழி, வரலாறு, பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் அதனால் ஒதுங்கிப் போகிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். மனிதர்களைக் கேள்வி கேட்கும் ஆய்வு என்றால், கேட்கப்படுபவரின் சம்மதத்தை வாங்குவது, பெயரை மறைப்பது, சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்பது ஆகியவற்றை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். பல்கலைக்கழகத்தில் இதற்கென்று நெறிமுறைக் குழு இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்க்கைக்குள் அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்ற உணர்வு படிவத்தை நிரப்புவதற்கு முன்பே வந்திருந்தால் நல்லது.

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. 4000 சொற்களை ஒரு நிமிடத்தில் இயந்திரம் எழுதித் தருகிறதே, அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்கிறார்கள். உண்மைதான். அறிக்கையை மட்டும் வாங்கி மதிப்பெண் போடும் பள்ளியில் இனி ஆய்வுத் திட்டம் நிற்காது. ஆகவே மதிப்பெண்ணின் கணிசமான பங்கை நோட்டுக்கும் வைவாவுக்கும் மாற்றுங்கள். தேதி போட்டு, அடித்து, திருத்தி, எட்டு மாதம் எழுதப்பட்ட நோட்டு. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேச்சு. தானே செய்தவரும் செய்யாதவரும் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்கள். இயந்திரத்தின் உதவியை எடுத்தவர் எங்கே எடுத்தார் என்று நோட்டில் எழுதட்டும், தவறில்லை. மரத்தடியில் போய் நின்று பறவையை எண்ணும் வேலை எப்படியும் அவருடையதுதான்.

பள்ளியில் ஆய்வு செய்தவர்கள் பல்கலைக்கழகத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று எண்களைக் காட்டி உங்களை இணங்கவைக்க யாராவது வரலாம். எனக்கு அந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. தானாக முன்வந்து ஆய்வைத் தேர்ந்தெடுத்த பிள்ளை ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளையாக இருக்கும். நன்றாகப் படிப்பதற்குக் காரணம் ஆய்வா, ஆர்வமா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரு நல்ல பள்ளி மாணவியே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டிவிடுவாள். நான் கேட்பது வேறு காரணத்துக்காக. ஆர்வம் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் எதையும் ஏற்பாடு செய்யாவிட்டாலும் அவர்கள் வழியைத் தேடிக்கொள்வார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு கேள்வியைக்கூடத் தானாகக் கேட்காமல் பள்ளியை முடித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நிற்கும் அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு யாராவது கட்டாயப்படுத்திக் கொடுத்திருக்க வேண்டும். விருப்பப் பாடமாக வைத்தால் அவன் எடுத்திருக்க மாட்டான்.

அவன் பிறகு தேறிவிட்டான். மூன்றாம் ஆண்டில் நல்ல ஒரு ஆய்வறிக்கை எழுதினான். ஆனால் முதல் வருடம் முழுக்கத் தனக்கு மூளை இல்லை என்று நம்பிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் என்னிடம் சொன்னான். அந்த ஒரு வருட வேதனையைப் பள்ளியிலேயே, தெரிந்த ஆசிரியர்கள் சூழ, தோற்றாலும் பெரிதாக ஒன்றும் போய்விடாத இடத்தில், சின்னதாகப் பட்டுக் கடந்திருக்கலாம்.

அடுத்த கல்வியாண்டில் ஒரே ஒரு வகுப்பில், பத்து மாணவர்களோடு ஆரம்பித்தாலும் போதும். வைவாவுக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டுமென்றால் உங்களுக்கு அருகில் உள்ள பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். முதலாம் ஆண்டு வகுப்பு எடுப்பவர்களில் பலர் மனமுவந்து வருவார்கள். என்னைக் கூப்பிட்டால் நிச்சயம் வருவேன். ஃபைலுக்கு அட்டை போட வேண்டாம். நோட்டை மட்டும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்கப்போவது, கேள்வியை எத்தனை தடவை மாற்றினாய் என்றுதான்.

அன்புடனும் மதிப்புடனும்,
முதலாம் ஆண்டு வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியை